அடியாத மாடும் படியும்

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை எங்க ஊர்ல மாடு வச்சிருக்கிறவங்க சொல்லிக் கேட்டதைவிட, டவுன்ல பிள்ளையை அடிக்கிறவங்க சொல்லிக் கேட்டதுதான் அதிகம். மாட்டுக் கயிறைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட பிரம்பை எடுத்ததும் எங்க மாட்டைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். மாட்டுக்காரன் சொல்றேன், அது பொய்ச் சாட்சிங்க.

ஏருக்குக் காளையைப் பழக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் காளையைப் பழகின மாட்டோடு ஜோடி சேர்ப்போம். முதலில் வெறும் நுகத்தடி, அப்புறம் இழுக்க ஒரு சின்ன மரக்கட்டை, அதுக்கப்புறம்தான் ஏர். ஒவ்வொரு படியிலும், சரியாகச் செய்த அந்த நொடியே கழுத்தைத் தடவி, துளி வெல்லமோ கடலைப் புண்ணாக்கோ கொடுப்பேன். கொஞ்ச நாளில் நுகத்தைப் பார்த்ததும் தானே வந்து நிற்கும். அடித்துப் பழக்கிய மாடு கம்பு இருக்கிறவரை நடக்கும். கம்பைக் கீழே போட்டால் நின்றுவிடும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1898-லேயே அமெரிக்காவில் தார்ன்டைக் என்பவர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துவைத்துப் பார்த்துச் சொன்னதுதான்: நல்ல பலன் தந்த செயலை உயிர்கள் திரும்பச் செய்யும். 1960-களில் ஹவாயில் கேரன் பிரையர் டால்ஃபின்களைப் பழக்கினார். டால்ஃபினுக்கு மூக்கணாங்கயிறு போட முடியுமா? சாட்டையைத் தூக்கினால் நீந்திப் போய்விடும். அதனால் சரியாகச் செய்த நொடியில் விசில், பின்னாலேயே மீன். அவ்வளவுதான் பாடம்.

"அடிச்சா உடனே கேக்குதே?" என்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். அடித்ததும் மாடு கொஞ்ச நேரம் அடங்குகிறது. அந்த அடக்கம்தான் அடிச்சவனுக்குக் கிடைக்கிற புண்ணாக்கு. அதனால் நாளைக்கும் அடிப்பான். ஆக, பழகினது மாடு இல்லை, அவன் கை. மாடு கற்றுக்கொண்டதெல்லாம் அவனைக் கண்டால் மிரள்வது மட்டும்தான். நம்பிக்கை இல்லையென்றால் கறவைப் பசுவை அடித்துவிட்டுக் கறக்க உட்கார்ந்து பாருங்கள், பாலை அடக்கிக்கொள்ளும். பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசினை, பயத்தில் சுரக்கும் அட்ரினலின் தடுத்துவிடும்.

"கொடுத்துக் கொடுத்துக் கெடுக்கிறதா?" என்றும் கேட்பார்கள். அதுவும் நேரத்தைப் பொறுத்ததுதான். மாடு கத்தும்போது தவிடு வைத்தால் கத்துவதற்குக் கூலி கொடுத்த மாதிரி. பிள்ளை அழும்போது செல்போனைக் கையில் திணிப்பதும் அதே கணக்குதாங்க. அமைதியாக நிற்கும்போது வைத்தால் அமைதியைப் பழக்குகிறோம்.

ஆணி வைத்த தார்க்குச்சியால் மாட்டைக் குத்தக் கூடாது என்று மத்திய அரசின் விதி 1965-லேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் சட்டம் எழுத 2009 ஆனது. மாட்டுக்குக் கிடைத்தது பிள்ளைக்குக் கிடைக்க 44 வருஷம்! இப்போதும் பல வீடுகளில் அந்தப் பிரம்பு பரண்மேல் இருக்கிறது.

கோபம் வருது, அடிக்கிறேன் என்றால் அப்படியே சொல்லிட்டு அடிங்க. அதுக்கு எங்க மாட்டை இழுக்காதீங்க.