ஆங்கிலத் தாள் எதை அளக்கிறது?

பீடி சுற்றிய கூலியில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மார்கள் தென்காசி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அந்த மகள் நான்கு பருவம் ஆங்கிலம் படிக்கிறாள். அரியர் இல்லாமல் தேறுகிறாள். பிறகு நேர்காணலில் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் பேச முடியாமல் நிற்கிறாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவளுக்கு மதிப்பெண் போட்டவர்கள்.

மூன்று மணி நேரத் தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படுவது பாடக் கவிதையின் சாரம், கதையின் சுருக்கம். கைடை உருப்போட்டவள் முந்துகிறாள். பிழையோடு என்றாலும் சொந்தமாக யோசித்து எழுதியவள் பின்தங்குகிறாள். தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பும் நடத்தும். அதனால்தான் ஆங்கில வகுப்பு நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் வகுப்பாகச் சுருங்கிவிட்டது. குற்றாலம் சீசனுக்கு வந்த வெளிமாநிலத்தவருக்கு மெயின் அருவியிலிருந்து ஐந்தருவிக்கு ஆங்கிலத்தில் வழி சொல்லச் சொல்லுங்கள். அது மொழித் தேர்வு. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணாவது ஆசிரியர் கையில் இருக்கிறது. அதையும் இன்னொரு மனப்பாடத் தேர்வுக்கும் பார்த்தெழுதிய அசைன்மென்டுக்கும் வாரி வழங்குவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நம் ஆங்கிலப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் இலக்கியம் கற்றவர்கள். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டின் ஆங்கிலப் பாடத்திட்டத்தின் 10 அலகுகளில் மொழித்திறனை மதிப்பிடுவதற்கென்று தனி அலகு இல்லை. பள்ளி ஆசிரியரிடம் கேட்கும் பி.எட். பட்டத்தைக் கல்லூரி ஆசிரியரிடம் யாரும் கேட்பதில்லை. பயிற்சி கிடைக்காதது அவர்கள் தவறல்ல. ஆனால் இருபது ஆண்டு விடைத்தாள் திருத்திய பிறகும் அதையே காரணமாகச் சொல்வது தவறு. ஒரு மொழியில் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதை ஆறு படிகளில் விளக்கும் அளவுகோலை ஐரோப்பிய கவுன்சில் 2001இலேயே வெளியிட்டது. உயர்கல்வி மதிப்பீட்டுச் சீர்திருத்தம் குறித்து யு.ஜி.சி.யும் 2019இல் அறிக்கை தந்தது. படிக்க விரும்புவோருக்கு இரண்டும் கிடைக்கின்றன.

தென்காசிக் கல்லூரிகள் இணைந்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இனியும் தாமதிக்கக் கூடாது. வினாத்தாள் தயாரிப்போருக்கும் திருத்துவோருக்கும் அடுத்த கல்வியாண்டுக்குள் முறையான பயிற்சி தர வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை அதில் விட்டுவிடக் கூடாது. கேட்டலுக்கும் பேச்சுக்கும் பருவத் தேர்விலேயே மதிப்பெண் ஒதுக்க வேண்டும். பாடத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்துப் படிக்கவைக்க வேண்டும்.

ஆசிரியர்களே, அடுத்த இன்டர்னலுக்கு முன் ஒவ்வொரு மாணவியையும் ஐந்து நிமிடம் பேசவிட்டுக் கேளுங்கள். எங்கே தடுமாறினாள் என்று அவளிடமே சொல்லுங்கள். அதற்கு எந்தச் சிண்டிகேட்டின் அனுமதியும் தேவையில்லை.