முடி கொட்டுகிறதா? கழுத்தையும் கவனியுங்கள்

வானொலியில் உடல்நல அங்கத்தில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் ஒரு கேள்வி வந்தே தீரும். "தலைமுடி ரொம்பக் கொட்டுதுங்க, என்ன தேய்க்கலாம்?" இரத்த அழுத்தம் பற்றிப் பேசினாலும் வரும், இனிப்பு நீர் பற்றிப் பேசினாலும் வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, முப்பது வயதுப் பெண்கள்.

எதைத் தேய்த்தாலும் சரியாகாத ஒரு காரணத்தைப் பற்றி இந்த வாரம் பேசலாம். அது இருக்கும் இடம் கழுத்து. தொண்டைக்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருக்கும் தைராய்டு சுரப்பி.

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து, பிறகு விழும். அந்த இடத்தில் புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் வழக்கத்தைவிட அதிகமான முடிகள் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. புதிய முடி முளைப்பதும் தாமதமாகிறது. அதனால்தான் தலை முழுவதும் அடர்த்தி குறைந்து சடை மெலிகிறது. இருக்கும் முடியும் வறண்டு சொரசொரவென்று ஆகிவிடும். சிலருக்குப் புருவத்தின் வெளி ஓரமும் உதிரும்.

என் அக்காவுக்கு இது நடந்தது. கிள்ளானில் ஆசிரியையாக இருக்கிறார். இரண்டாவது பிள்ளைக்கு மூன்று மாதமானபோது முடி கொட்டத் தொடங்கியது. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டத்தான் செய்யும்" என்றார் அம்மா. அந்தக் கணக்கு சரிதான். கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடிகள் பிரசவத்துக்குப் பின் மொத்தமாக ஓய்வுக்குப் போய், சுமார் 3 மாதம் கழித்து விழத் தொடங்கும். பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய அதே முதல் ஆண்டில்தான் சில பெண்களுக்குத் தைராய்டும் தடுமாறுகிறது. அதன் அறிகுறிகள் கைக்குழந்தைக்காரியின் அன்றாடத்தோடு கலந்துவிடும். களைப்பாக இருக்கிறதா? இரவில் தூக்கமில்லை. எடை கூடுகிறதா? பிள்ளை பெற்ற உடம்பு. மறதியா? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

எட்டாவது மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது அக்காவின் குரல் வித்தியாசமாகப் பட்டது. தடித்து, கரகரத்து, வேகம் குறைந்திருந்தது. குரலை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது காதில் உறுத்தும். "சளியா அக்கா?" என்று கேட்டேன்.

"சளியெல்லாம் இல்ல. ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கு." மலச்சிக்கல், ஏர்கோன் அறையில் தாங்க முடியாத குளிர் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில், "அதெல்லாம் கெடக்கட்டும், முடிக்கு ஏதாச்சும் நல்ல எண்ணெய் இருந்தா சொல்லு" என்றார்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது இரத்தப் பரிசோதனை. தைராய்டு சோம்பினால், மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை முடுக்கிவிட அதிக ஹார்மோனை அனுப்பும். அதுதான் டிஎஸ்எச். அக்காவுக்கு அந்த அளவு மிக உயர்ந்திருந்தது.

பரிசோதனைக்குப் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். முடி வளர்ச்சிக்கென்று பார்மசியில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் அதிகம். அது சில ஆய்வுக்கூட முறைகளில் டிஎஸ்எச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். முடிக்காக விழுங்கிய மாத்திரையே முடி கொட்டும் காரணத்தை மறைத்துவிடலாம். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள். மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இதற்கான மருந்து லெவோதைராக்சின். தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க வேண்டும். தே தாரிக், கோப்பி, பசியாறல் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். பிரசவத்துக்குப் பின் பலர் எடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் மறுபடியும் இரத்தம் பார்ப்பார்கள்.

அக்காவுக்குச் சில வாரங்களில் களைப்பு குறைந்தது, குரல் தெளிந்தது. முடி மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்தப் பார்த்தார். பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்துதான் ஆகவேண்டும். புதியது முளைத்தாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். மாற்றம் கண்ணில் பட பல மாதங்கள் ஆகும். அக்காவின் நெற்றியோரம் குட்டி முடிகள் எட்டிப் பார்த்தது ஐந்தாவது மாதத்தில்.

எல்லா முடி உதிர்வுக்கும் தைராய்டு காரணமல்ல. இரும்புச்சத்துக் குறைவு, கடும் காய்ச்சல், பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முடியோடு சேர்ந்து களைப்பு, குளிர், மலச்சிக்கல், குரல் மாற்றம், ஒழுங்கற்ற மாதவிடாய் ஆகியவையும் இருந்தால் எண்ணெயை மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நம் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம்.

வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தால், "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்வதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். அவர் கிளினிக்குக்குப் போய் வரும்வரை பிள்ளையை யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.