கிருமி தந்தவன் கேட்கிறான்!

கோழிக்குக் காய்ச்சல், கோழி வளர்த்த குடியானவனுக்கும் காய்ச்சல். மருத்துவர் அவன் தொண்டைச் சளியை எடுத்துப் பனிக்கட்டியிலே வைத்துக் கடல் கடந்து அனுப்புகிறார். அங்கே கிருமியைப் பிரித்தெடுக்கிறார்கள். தடுப்பு மருந்தும் பிறக்கிறது. மருந்து எவருக்கு? முன்பணம் கட்டிய நாட்டுக்கு! கிருமி தந்தவனுக்கு? வரிசையின் கடைசியிலே நிற்கும் உரிமை!

தோழர்களே, குடியானவன் என் கற்பனை. ஏற்பாடு கற்பனையன்று.

1952 முதல், உலக சுகாதார நிறுவனத்தின் மேற்பார்வையில், நாடுகள் சளிக்காய்ச்சல் கிருமிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பி வந்தன. நல்ல ஏற்பாடுதான். கிருமிக்கு ஏது எல்லைக்கோடு, ஏது சுங்கச்சாவடி? உருமாறும் பகைவனை ஒரு நாடு தனித்து நின்று வெல்ல இயலுமோ?

2005-இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் இந்தோனேசிய மக்களைத் தாக்கியது. அந்நாடும் மாதிரிகளை அனுப்பிற்று. அக்கிருமியைக் கொண்டே ஆஸ்திரேலிய நிறுவனமொன்று தடுப்பு மருந்து ஆக்குகிறது என்ற சேதி பின்னர் வந்தது. 2007 தொடக்கத்தில், மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தார் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி. கொடுப்பது நாங்கள், கொள்வது நீங்கள், விலை வைப்பது யார் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

உலகைப் பணயம் வைக்கிறார் என்று கூக்குரல் எழுந்தது. அதிலே உண்மை இல்லாமலும் இல்லை; கிருமியின் போக்கை மறைத்தால் முதலில் மடிபவன் ஏழையே. அந்த அம்மையாரே 2017-இல் ஊழல் வழக்கொன்றில் தண்டனை பெற்றார். அவருக்காக வாதாட நான் வரவில்லை. கேட்டவர் எவராயினும், கேள்வி நியாயமானது!

நான்காண்டு பேரத்திற்குப் பின், 2011 மே மாதம் உடன்பாடு கண்டனர்: கிருமி பெறும் நிறுவனங்கள் மருந்தில் ஒரு பங்கையோ பிற உதவியையோ தர உறுதி கூறவேண்டும், ஆய்வக அமைப்பால் பயன்பெறுவோர் ஆண்டுதோறும் பணமும் தரவேண்டும். கதவை அடைத்ததால் திறந்த கதவு அது! ஆனால், கொள்ளைநோயாகக்கூடிய சளிக்காய்ச்சலுக்கு மட்டுமே அது பொருந்தும்.

பிறகு வந்தது கொரோனா. 2020 ஜனவரி 11 அன்று சீன ஆய்வாளர் சாங் யோங்சென் குழுவினர், சிட்னியிலிருந்த தோழமை ஆய்வாளர் எட்வர்ட் ஹோம்ஸ் வழியே, அக்கிருமியின் மரபணு வரிசையை உலகறிய வெளியிட்டனர். சுமார் 30,000 எழுத்துகள்; பனிக்கட்டி வேண்டாம், கப்பல் வேண்டாம். விலையின்றி வந்த அவ்வெழுத்துகளைக் கொண்டே தடுப்பூசி வடிவம் பெற்றது. ஊசி வந்தபோதோ, செல்வநாடுகள் முந்திக்கொண்டன, ஆப்பிரிக்கா காத்துக்கிடந்தது.

2025 மே மாதம் உலகக் கொள்ளைநோய் ஒப்பந்தம் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. கைதட்டல் பலம். கிருமி தருவோர்க்குக் கிடைக்கும் பங்கு எவ்வாறு என்று வரையறுக்கும் பகுதியை மட்டும், பிறகு பேசிக்கொள்ளலாமென்று இணைப்புக்கு ஒதுக்கிவிட்டுத்தான் கைதட்டினார்கள்.