16(1)ஐ நீக்கும் சட்டமூலத்தைக் கொண்டுவாருங்கள், பிரதமரே

மாண்புமிகு பிரதமர் கலாநிதி ஹரிணி அமரசூரிய அவர்களுக்கு,



மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கோரி, 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தார்கள். அந்தப் போராட்டத்தில் உரத்து ஒலித்த குரல்களில் உங்களுடையதும் ஒன்று. திறந்த பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே பெண்களின் உரிமைக்கும் சிறுவர் பாதுகாப்புக்கும் வெளியில் நின்று குரல் கொடுத்தீர்கள். 2020இல் தேசியப் பட்டியலில் பாராளுமன்றம் வந்தபோது உங்கள் அணிக்கு இருந்தவை 3 ஆசனங்கள். 2024 நவம்பரில் அவை 159 ஆயின. கொழும்பு மாவட்டம் உங்களுக்கு 655,289 விருப்பு வாக்குகளை அள்ளித் தந்தது. எங்கள் யாழ்ப்பாணத்திலும் 6 ஆசனங்களில் 3 உங்கள் கட்சிக்குக் கிடைத்தன.

உங்களுக்கு முன் பிரதமரான இரு பெண்களில் ஒருவர் பிரதமர் ஒருவரின் மனைவி. மற்றவர் அவர்களின் மகள். நீங்களோ போராட்டக் களத்திலிருந்து வந்தவர். அதனால்தான் உங்களிடம் எங்களுக்கு எதிர்பார்ப்பு அதிகம். பெண்ணுரிமை அமைப்புகள் பல தசாப்தங்களாகக் கேட்டுவரும் ஒன்றை இந்த மடலில் கேட்கிறேன். அரசியலமைப்பின் 16(1)ஆம் உறுப்புரையை நீக்குங்கள்.

பால் அடிப்படையில் எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது 12ஆம் உறுப்புரை. 16(1)ஆம் உறுப்புரையோ, 1978இல் நடைமுறையில் இருந்த எல்லாச் சட்டங்களும், அவை அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியாகும் என்கிறது. பெண்ணுக்கு ஒரு கையால் கொடுத்த சமத்துவத்தை மறு கையால் பறித்துக்கொண்ட ஏற்பாடு இது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்றது 1981இல். 16(1)ஐ நீக்குமாறு அந்தச் சமவாயத்தின் குழு திரும்பத் திரும்பச் சொல்லியும் எந்த அரசாங்கமும் அசையவில்லை.

16(1)இன் விளைவைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்துக்குப் போனால் போதும். தாய் சீதனமாக எழுதிக் கொடுத்த காணியை விற்க ஒரு பெண் வருகிறாள். உறுதி அவள் பெயரில் இருக்கிறது. வரி கட்டுவதும் அவள்தான். நொத்தாரிசு உறுதியைப் படித்துவிட்டு, "அவர் வந்திருக்கிறாரா?" என்று கேட்கிறார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். தன் காணியை விற்கும் கணவருக்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை. அதே பெண் தன் காணி யாரைச் சேர வேண்டும் என்று மரணசாசனம் எழுத எவர் சம்மதமும் வேண்டாம். இறந்த பின் செல்லும் அவளுடைய விருப்பம், உயிரோடு இருக்கும்போது செல்லாது.

அவளுடைய கணவர் 2009இல் வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால், கையொப்பத்துக்கு அவள் எங்கே போவாள்? மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, சட்டத்தரணிக்குப் பணம் கட்டி, தவணைக்குத் தவணை அலைந்து அனுமதி பெற வேண்டும். மகளின் படிப்புக்கோ தன் மருத்துவத்துக்கோ பணம் தேவைப்படும் நாளில், போர் அவளிடமிருந்து பறித்துக்கொண்ட மனிதரின் கையொப்பத்தைச் சட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முஸ்லிம் சகோதரிகளின் நிலை இதைவிடக் கடினம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயதை வைக்கவில்லை. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிக்கும் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியின் அனுமதியோடு மணமுடிக்க இடமிருக்கிறது. மணப்பெண்ணின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை. பெண் ஒருவர் காதியாகவும் முடியாது. இந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூஃப் குழு, தன் அறிக்கையைக் கையளித்தது 2018இல். அதுவும் இருவேறு நிலைப்பாடுகளோடு. நியாயம் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம் என்றால், அந்த வாசலை 16(1) அடைத்து வைத்திருக்கிறது.

இந்தக் கோரிக்கையைக் கேட்டதும் சிறுபான்மைச் சமூகங்களில் எழும் அச்சத்தையும் நான் அறிவேன். நானும் அந்தச் சமூகங்களில் ஒன்றைச் சேர்ந்தவள்தான். 2021இல் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்று ஒரு ஜனாதிபதிச் செயலணி அமைத்து, அதற்கு, சிறுபான்மை எதிர்ப்புப் பேச்சுகளால் அறியப்பட்ட கலகொட அத்தே ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் எங்கள் அடையாளத்தின் மீது கை வைக்கிறார்கள் என்றே அன்று மக்கள் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. 16(1)இன் நீக்கம் அதிலிருந்து வேறானது. தேசவழமையோ, முஸ்லிம் சட்டமோ, கண்டியச் சட்டமோ அதனால் ஒழிந்துவிடாது. அவற்றில் பெண்ணைத் தாழ்த்தும் பிரிவுகளை எதிர்த்து, அதே சமூகத்துப் பெண் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழி பிறக்கும். இந்த வேறுபாட்டை நாட்டுக்கு எடுத்துச் சொல்லப் பொருத்தமானவர் நீங்கள்.

'புதிய அரசியலமைப்பு வரும், அதில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பதிலை மட்டும் தயவுசெய்து தராதீர்கள். புதிய அரசியலமைப்பு வாக்குறுதியைக் கேட்டே எங்கள் தலைமுறைக்கு நரை விழுந்துவிட்டது. 16ஆம் உறுப்புரையைத் திருத்த மக்கள் தீர்ப்பு தேவையில்லை. பாராளுமன்றத்தில் 150 வாக்குகள் போதும். உங்களிடம் 159 இருக்கின்றன. இந்தச் சபையில் பெண்கள் இன்னும் 10 சதவீதத்தை எட்டவில்லை என்றாலும், மாத்தறை மக்கள் தேர்ந்தெடுத்த தமிழ்ப் பெண் சரோஜா சாவித்திரி போல்ராஜ் அமைச்சராக உங்களோடு அமர்ந்திருக்கிறார்.

சட்டமூலத்தை வர்த்தமானியில் வெளியிடுவதற்கு முன் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் வாருங்கள். ஆண் தலைவர்களோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், காணி உறுதியோடு அலைந்த பெண்களையும் காதி நீதிமன்றப் படியேறிய பெண்களையும் கேளுங்கள். பழைய சட்டங்களைத் திருத்திக்கொள்ள ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு காலக்கெடு கொடுங்கள். விவாத நாளில் நீங்களே எழுந்து பேசுங்கள். எதிர்ப்பவர்களும் பேசட்டும், அவர்கள் சொல்வதும் ஹன்சார்டில் பதிவாகட்டும்.

வீதியில் நின்று கேட்ட காலத்தில் உங்களிடம் குரல் மட்டுமே இருந்தது. இப்போது வாக்குகளும் இருக்கின்றன. இந்தப் பாராளுமன்றம் கலைவதற்கு முன் 16(1)ஐ நீக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாண மாவட்டப் பெண் வாக்காளர் ஒருவர்