உங்க கோச்சை யார் பார்க்கிறாங்க?

லிங்க்ட்இன்ல ஒரு பத்து நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணுங்க. கரியர் கோச், லைஃப் கோச், இன்டர்வியூ கோச், மைண்ட்செட் கோச்... எண்ணி முடியாது. பிளேஸ்மென்ட் சீசன் நெருங்க நெருங்க லிஸ்ட் இன்னும் நீளும். நம்மில் சிலர் காசு கட்டிச் சேர்ந்தும் இருப்போம். ஃபீஸ் எவ்வளவு, எத்தனை செஷன், சர்டிஃபிகேட் உண்டா என்று எல்லாம் கேட்போம். ஒன்றை மட்டும் கேட்க மாட்டோம்: "நீங்க செய்யற வேலையை யார் பார்க்கிறாங்க?"

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக வேலை பார்க்க இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேணும். கோச் என்று போட்டுக்கொள்ள ப்ரொஃபைலில் எடிட் பட்டன் போதும். அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியம்.

சூப்பர்விஷன் என்றதும் நமக்கு எக்ஸாம் ஹாலில் பிட் தேடுகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். கோச்சிங் துறையில் அர்த்தம் வேற. ஒரு கோச், அதற்கென்று பயிற்சி எடுத்த இன்னொருவரிடம் குறிப்பிட்ட இடைவெளியில் உட்கார்ந்து, தான் நடத்திய செஷன்களைப் பற்றி மனசு திறந்து பேசுவார். தன்னிடம் வந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார். மார்க் போடும் வேலையும் கிடையாது. பிரிட்டனின் கவுன்சிலர்கள் சங்கமான பிஏசிபி, தன் அக்ரெடிடட் உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐரோப்பாவின் கோச்சிங் அமைப்பான இஎம்சிசி, 35 மணி நேர கோச்சிங்குக்கு 1 மணி நேரம் என்று கணக்கு சொல்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் அப்படி என்ன நடக்கும்? ஒரு உதாரணம். நாலு அரியர் வைத்த ஒரு செகண்ட் இயர் பையன் ஒரு கோச்சிடம் வருகிறான். அந்த கோச்சும் ஒரு காலத்தில் அரியர் வைத்து க்ளியர் பண்ணவர். உடனே தன் கதையைச் சொல்லி, "நானே பண்ணேன், நீயும் பண்ணலாம்" என்று அனுப்பிவிடுகிறார். பையனும் தலையாட்டிவிட்டுப் போகிறான். அவனுக்கு மூணு வாரமாகத் தூக்கமே இல்லை என்பது பேச்சில் வரவே இல்லை. சூப்பர்வைசர் இங்கேதான் கேட்பார்: "அன்னைக்கு நீங்க பேசினது அவன் பிரச்சினையையா, உங்க பிரச்சினையையா? இது கோச் பார்க்க வேண்டிய கேஸா, டாக்டரிடம் அனுப்ப வேண்டிய கேஸா?" தனியாக இருக்கும்போது இந்தக் கேள்வி யாருக்கும் தோணாது. கோச் கெட்டவர் என்பதால் இல்லை, தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதால்.

நமக்கு இது புதுசும் இல்லை. நாம எழுதுற கோடை நாமே ரிவ்யூ பண்ணி மெர்ஜ் பண்ண எந்த நல்ல டீமும் விடாது. நூறு வரி பைத்தானுக்கே இன்னொரு ஜோடி கண் தேவைப்படுகிறது. ஒரு மனுஷனோட முடிவுக்கு வேண்டாமா?

"அப்போ சூப்பர்வைசருக்கு யார் சூப்பர்வைசர்?" என்று கேட்பீங்க. அவருக்கும் ஒருத்தர் உண்டு. யாரும் தனியாக முடிவெடுத்துக்கொண்டே போகக் கூடாது என்பதுதான் விஷயம். இதனால் எல்லா கோச்சும் நல்லவராகிவிடுவார் என்றும் நான் சொல்லவில்லை. ரிவ்யூ பண்ண கோடிலும் பக் வரும், ஆனா குறையும்.

இதைக் காசு வாங்கும் கோச்சோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசில்லை. பல காலேஜ்களில் சீனியர்களைப் பியர் மென்டராகப் போடுகிறார்கள். ஒரு ஓரியன்டேஷன், ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான். அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஜூனியர் அழுதுகிட்டே போன் பண்ணா, எடுக்கிறது இருபது வயசுப் பையனோ பொண்ணோ. கேட்டதை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டு காலையில் லேபுக்கு வந்து நிற்கணும். அவங்க அதை எங்கே போய் இறக்கி வைப்பாங்க?

பெரிய பட்ஜெட் கேட்கவில்லை. மாதம் ஒரு மணி நேரம், காலேஜ் கவுன்சிலரோடு எல்லா மென்டர்களும் உட்காரட்டும். பெயர் வேண்டாம், அட்டென்டன்ஸ் வேண்டாம். நீங்க மென்டராக இருந்தா அதைக் கேட்டு வாங்குங்க. கோச்சிடம் போறவரா இருந்தா, பணம் கட்டும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. நல்ல கோச் அதற்குக் கோபப்பட மாட்டார்.