முதல் பந்தி குதிரைக்கு

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குச் சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். வீட்டுக் கொல்லையில் ஒரு குதிரை நிற்கிறது. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போய் வருமாம். குதிரையா என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். மெரினாவில் நம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற குதிரைகளும் இரவானால் யாரோ ஒருவர் பொறுப்பில்தானே தங்குகின்றன! திருவள்ளூர் வீரராகவப் பெருமாளின் குதிரை வாகனம் ஒன்றுக்குத்தான் தீனி கேட்கத் தெரியாது.

"அவருக்குச் சாப்பிட நேரமே இல்லை. நெஞ்செரிச்சல் என்கிறார். சீக்கிரம் செய்யக்கூடிய சத்தான ஆகாரம் சொல்லுங்கள்" என்பது சகோதரியின் கேள்வி.

கேள்வியைவிடக் கடிதம்தான் என்னைக் கவர்ந்தது. அதில் ஒன்றரைப் பக்கம் குதிரையின் சாப்பாடு! இரவே கொள்ளை ஊறவைப்பது, விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து வேகவைப்பது, தவிடு கலப்பது, நான்கு மணிக்குத் தொட்டியில் தண்ணீர், பிறகு தீனி என்று நிமிஷக் கணக்காக எழுதியிருக்கிறார். கணவருடைய சாப்பாட்டுக்கு இரண்டே வரி: காலையில் டீயும் பன்னும், இரவு பத்து மணிக்கு வயிறு முட்டச் சாதம். தாம் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசியில் போகிற போக்கில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டர் இரத்தம் குறைவு என்றார் என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு வருவேன்.

முதலில் அவர் கணவர் விஷயம். குதிரையை வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவருக்குச் சாப்பாட்டு சாஸ்திரம் புதிதாகச் சொல்லவே வேண்டாம். அவ்வளவு பெரிய உடம்புக்குக் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. அது கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் மேய்வதற்கென்றே அமைந்த பிராணி. பட்டினி போட்டுவிட்டு ஒரே வேளையில் கொள்ளைக் கொட்டினால் வயிற்று வலி கண்டு புரளும். மனிதனைப் போல வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதற்கு வழியில்லை. வயிற்று வலியில் உயிரே போய்விடுவதும் உண்டு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த தீவனக் கணக்கில் தினம் ஐந்திலிருந்து ஏழு கிலோ வேண்டும். தண்ணீரோ வெயில் காலத்தில் 30 லிட்டருக்கு மேலேயே போகும். வயிறு நிறையத் தின்றவுடன் ஓட்டக் கூடாது. தீனியை மாற்றினால் ஒரு வாரம், பத்து நாள் அவகாசம் கொடுத்துச் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். இத்தனையும் அந்த மனிதருக்கு மனப்பாடம். ரயிலடியில் ஜட்காக்கள் நின்ற காலத்திலும் இதே கதைதான். குதிரை கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கொள்ளுத் தின்னும். வண்டிக்காரர் எதிர்க் கடையில் நின்றபடியே டீயை ஊற்றிக்கொண்டு ஓடி வருவார்.

ஆகவே, சகோதரி, நான்கு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் வைக்கும்போதே அவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் மாலையே காய்ச்சி வைத்த கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்து உப்புப் போட்டால் அடுப்பே மூட்ட வேண்டாம். ஐந்து நிமிஷ வேலை. பழைய சோறும் மோரும் அதற்குக் குறைந்ததல்ல. செங்குன்றத்து அரிசி மண்டிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பன்னுக்குக் காசு கொடுப்பானேன்? பச்சை மிளகாயை மட்டும் கடித்துக்கொள்ள வேண்டாம். எட்டு, ஒன்பது மணி இடைவேளைக்கு இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் சுண்டலோ கையில் கொடுத்தனுப்புங்கள். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும்தான் நல்ல சாப்பாடு: சாதம், கீரை, பருப்பு. பழவேற்காட்டு மீன் கிடைக்கிற ஊர். மீன் சாப்பிடுகிற வீடானால் வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு வையுங்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள், அதுவும் அரை வயிறு. ஊர்வலத்துக்குப் போகிற இரவுகளில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படட்டும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருந்தால் நடுநிசி ஆகிவிடும். இவ்வளவுக்கும் பிறகு நெஞ்செரிச்சல் நீடித்தால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

உப்பு விஷயத்தைச் சொல்ல மறக்கக் கூடாது. மனிதனைப் போலவே தாராளமாக வியர்க்கிற பிராணி குதிரை. அதனால்தான் அதன் தீனியில் உப்புச் சேர்க்கிறோம். உலைக்களத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கும் அதே நியாயம்தான். உப்புப் போட்ட நீர் மோர் ஒரு பெரிய பாட்டில் தினமும் கூடப் போகட்டும். (இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு உப்பைச் சேர்க்கவும்.) லாயத்திலிருந்து வந்து கை கழுவாமல் டம்ளரைத் தொட விடாதீர்கள். குதிரை லத்தியில் தனுர்வாதக் கிருமி இருக்கக்கூடும். அது பெரும்பாலும் காயத்தின் வழியாகத்தான் உள்ளே புகும் என்பதால், கையில் கீறல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஒரு வரி. மூன்றரைக்கு எழுந்த நீங்கள் முதல் கவளம் எடுப்பது எத்தனை மணிக்கு? குதிரை, கணவர், பள்ளிக்கூடம் போகிற குழந்தை எல்லாம் ஆன பிறகு, பதினொரு மணிக்கு, அடியில் ஒட்டியிருப்பதைத்தானே? நடுவில் மூன்று காபி. இது உங்கள் ஒருவர் கதையல்ல. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. பாதிக்கு மேல்! அரசாங்கமே 2022ல் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கிற்று. குழந்தைகளின் அம்மாவுக்கு யார் திட்டம் போடுவது?

மருந்தில் பாதி உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே மூட்டையாக இருக்கிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிச் சொல்லியே கொள்ளைக் குதிரைக்குத் தள்ளிவிட்டோம். அதில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இரும்புச் சத்தும் உண்டு. கடையில் வீட்டுக்கென்று சுத்தமான கொள்ளாகத் தனியே வாங்கி, இரவு ஒரு பிடி தனிப் பாத்திரத்தில் ஊறவையுங்கள். முளை கட்டினால் இன்னும் நல்லது. நன்றாக வேகவைத்து, வடித்த நீரில் ரசம், பருப்பில் சுண்டல். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அதன் புளிப்பில் உள்ள சத்துதான் இரும்பை உடம்பில் சேர்க்கும். காபி, டீ அதைத் தடுக்கும். ஆகவே சாப்பாட்டுக்கும் காபிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கொள்ளு சூடு என்று மாமியார் சொன்னால் மறுக்க வேண்டாம். மோரையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள்.

கணவர் ஆறு மணி ஷிப்டுக்குப் புறப்பட்டதும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். நின்றுகொண்டு அல்ல. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால், கொள்ளு இருக்கிறதே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் மலம் கறுத்துப் போகும்; பலர் அதைக் கண்டு பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதில் பயம் ஒன்றும் இல்லை. காபியோடு மட்டும் விழுங்காதீர்கள். டாக்டர் சொல்கிற தேதியில் மறுபடி இரத்தப் பரிசோதனைக்குப் போய் வாருங்கள். அன்று ஒரு நாள் குதிரைக்குக் கொள்ளு வேகவைப்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.