கல்லில் பெயர், கதவில் பூட்டு

வாப்பிச்சி மரிக்காரை நாம் மறப்பதேயில்லை. மீலாத் மேடையாகட்டும், இலக்கிய விழாவாகட்டும், "கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் எம்மவர்" என்று ஒருவராவது சொல்லாமல் கூட்டம் கலைவதில்லை. பெருமைப்பட வேண்டிய விடயம்தான். ஜேம்ஸ் ஸ்மிதர் வரைந்த படத்தைக் கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிக் காட்டியவர் அவர். 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1892இல் மருதானையில் ஸாஹிராவை உருவாக்கிய சித்திலெப்பையோடு தோள் கொடுத்து நின்றவரும் அவரே.

ஆனால், அந்தப் பெருமையோடு சேர்த்து வழிவழியாகச் சொல்லப்படும் கதையின் உட்பொருளை நாம் கவனித்ததாகத் தெரியவில்லை. உமக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று ஆளுநர் கிரகரி கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவையுங்கள், அது போதும் என்றாராம் மரிக்கார். சுவரில் என் பெயரை வெட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கட்டடம் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதில்தான் ஒரு கோரிக்கை வைத்தார். கட்டி முடிந்த பிறகுதான் ஒரு கட்டடத்தின் வாழ்வு தொடங்குகிறது என்பது அந்தக் கொந்தராத்துக்காரருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய எமது தனவந்தர்களுக்கும் நிருவாக சபைகளுக்கும் அது தெரியவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒருவனுக்குக் கொழும்புக் கட்டடங்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். கொழும்பில் எதைக் கட்டுகிறார்களோ அதையே ஊரிலும் கட்டுகிறார்கள் என்பதால்தான் பேசுகிறேன். 80க்கு 20 என்று ஓர் அளவு. வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எந்தப் பக்கம் வரும் என்று யாரும் கேட்பதில்லை. மேலே அஸ்பெஸ்டஸ் கூரை. நடுவே சுவர் இல்லாமல் மூன்று வகுப்புகள். ஆறாம் வகுப்பின் கணக்கும் ஏழாம் வகுப்பின் தமிழும் ஒரே காற்றில் கலந்து வரும். திறப்பு விழாவுக்கு மட்டும் குறைவில்லை. ரிபன் உண்டு, மாலை உண்டு, கறுப்புக் கல்லில் பொன்னெழுத்து உண்டு. அடுத்த தவணைக்குள் தண்ணீர் மோட்டார் பழுதாகிவிடும். மலசலகூடத்துக்குப் பூட்டு விழும். அந்தப் பூட்டு எதைச் செய்கிறது என்று பெண் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். போக இடமில்லை என்பதற்காகக் காலை முதல் பகல் வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். மாதத்தில் சில நாட்கள் அவர்கள் வராமலே விடுவார்கள். இடாப்பில் அதற்குப் பெயர் "சுகவீனம்".

முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சூழலை அறிந்திருந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் மேட்டில் நிற்கும் வுல்பண்டால் தேவாலயத்தைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1757இல் திறக்கப்பட்டது. கபூக் கல்லில் எழுப்பிய ஏறக்குறைய ஐந்தடிச் சுவர் வெளி வெக்கையை உள்ளே விடாது. நூதனசாலையின் உயர்ந்த முகடும் நீண்ட விறாந்தையும் செய்வதும் அதே வேலைதான். வகுப்பறைக் கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, ஜன்னல்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருந்தால் வெயில் நேரே விழாது, கரும்பலகையும் கண்ணைக் கூசாது. இதற்குப் பெரும் பொறியியல் தேவையில்லை. சூரியன் எங்கே உதிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வெள்ளவத்தையைப் பாருங்கள். காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் கடலை நோக்கித்தான் போகின்றன. அல்லாஹ் தந்த கடற்காற்று இலவசமாக வருகிறது. நாமோ மேற்குப் பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்து, உள்ளே குளிரூட்டி வைத்து, மின்கட்டணம் கட்ட முடியவில்லை என்று மண்டப வாடகையை ஏற்றுகிறோம். அதே கடலின் உப்பு கொன்கிறீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்கிறது. கம்பியை மூடும் பூச்சின் தடிப்பில் மிச்சம் பிடித்தவர், சில வருடங்களில் தூண் வெடிக்கும்போது அதைவிடப் பன்மடங்கு செலவழிக்கிறார்.

இதில் எழுத்தாளர்களாகிய நாம் மட்டும் யோக்கியர்களா? கொழும்பில் நூல் வெளியீடு என்று அழைப்பிதழ் வந்தால் பெரும்பாலும் மாடி மண்டபம்தான். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு வெளியீட்டுக்குப் போயிருந்தேன். ஐம்பது வருடங்களாக எழுதிவரும் மூத்தவர் ஒருவர் ஊன்றுகோலுடன் வந்தார். லிப்ட் இல்லை. இரண்டு மாடி ஏற அவரால் முடியவில்லை. காவலாளியின் கதிரையில் கீழேயே அமர்ந்து, தன்னைப் பற்றிய புகழுரையை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே முதற் பிரதியைத் தனவந்தர் பெற்றுக்கொண்டார், புகைப்படம் எடுத்தார்கள். பொன்னாடையைக் கீழே கொண்டுவந்து போர்த்தினார்கள். மனிதரை மேலே கொண்டு செல்ல வழியில்லாத இடத்தைத் தெரிவு செய்துவிட்டுப் பொன்னாடையைக் கீழே கொண்டு வருவது மரியாதை ஆகாது.

அபஸ அத்தியாயத்தை ஓதுகிறோமே, அது எதைத் தொட்டு இறங்கியது? குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில் வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைத் தொட்டு. பின்னர் அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவுக்குப் பொறுப்பாகவும் இருந்தார். பெரிய மனிதர்களின் வரவேற்பில் மூழ்கி, வர இயலாதவரை மறப்பது குறித்து எமக்கு வேதத்திலேயே எச்சரிக்கை உண்டு. அதற்கு மேலும் ஒரு சட்டம் தேவையா?

சட்டமும் உண்டு. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றிப் புழங்குவதற்கான விதிகள் 2006 ஒக்டோபரில் வெளியாகின. புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளை மீறக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2009 ஏப்ரலில் கட்டளையிட்டது. அதன் பிறகும் சரிவுப்பாதை இல்லாத மண்டபங்கள் எழுந்தன. சில இடங்களில் பெயருக்கு ஒரு சரிவு இருக்கும், அதில் ஆடு ஏறும், சக்கர நாற்காலி ஏறாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட கணக்கு.

பாடசாலை பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் இந்த நாடு எமக்குக் கற்பித்திருக்கிறது. 1983 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமானது. வீடிழந்த தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தஞ்சமடைந்தனர். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எம் மக்கள் புத்தளத்துப் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒதுங்கினர். 2004 சுனாமியிலும், 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும் இதுதான் நடந்தது. கிழவியும் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் வகுப்பறையில் படுக்கும் நாள் மறுபடியும் வரும். அந்த நாளுக்கு வேண்டியது அலங்கார வளைவல்ல. ஓடும் தண்ணீர், திறக்கும் கதவு, பெண்களுக்குத் தனியான மலசலகூடம்.

காசு எங்கே என்பார்கள். காசு இருக்கிறது, அது வாசல் வளைவில் இருக்கிறது. வரைபடத்திலேயே சரிவுப்பாதையைச் சேர்த்துவிட்டால் செலவு சொற்பம். கட்டிய பின் இடித்துச் செய்வதுதான் பெருஞ்செலவு. பராமரிப்புக்கு வழி இல்லையென்றால் எமது மார்க்கத்திலேயே வழி இருக்கிறது. வக்பு சொத்தின் வருமானத்தில் முதல் உரிமை அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே என்று பிக்ஹு நூல்கள் சொல்கின்றன. வக்பு செய்தவர் எழுதிவைக்க மறந்திருந்தாலும் அதுவே முறை. ஸதகதுல் ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். மோட்டார் நின்று, குழாய் வற்றி, கதவு பூட்டப்பட்ட பின் அங்கே எது ஓடுகிறது?

எனவே மூன்று விடயங்களைக் கேட்கிறேன். பாடசாலைக்குக் கட்டடம் தருபவர், அதன் வருடாந்தப் பராமரிப்புக்கும் ஒரு வருமானத்தைச் சேர்த்து எழுதித் தரட்டும். முடியாவிட்டால் ஒரு மாடியைக் குறைக்கட்டும். படம் வரையுமுன் பொறியியலாளர் ஒரு நாள் முழுவதும் அந்தப் பாடசாலையில் இருந்து, பிள்ளைகளோடும் அதைத் துப்புரவு செய்பவரோடும் பேசட்டும். மூன்றாவது எமக்கு: வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அடுத்த வெளியீட்டுக்கு அழைப்பிதழ் அச்சிடும்போது, பிரமுகர்களின் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள். மண்டபம் எத்தனையாவது மாடி, படி ஏற முடியாதவருக்கு என்ன வழி என்று. அந்த வரியை எழுத வெட்கமாக இருந்தால், மண்டபத்தை மாற்றுங்கள்.